நாற்பத்தொரு டேபிள்களின் ஓனர்

நம்பிக்கையின் விலை அந்தக் கடையில் எட்டு எழுத்து. அதில் குறைந்தது ஒன்று எண்ணாக இருக்க வேண்டும். பேரம் கிடையாது, கடன் கிடையாது. அந்த எட்டு எழுத்தைக் கேட்டுத்தான், கடையின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்மா காலை பத்தேகாலுக்கு முதலாளியின் முன்னால் நின்றாள். கிட்னியைக் கழற்றித் தரச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார்.

"பாஸ்வேர்டா? எதுக்கு?"

"டேபிளோட ஓனர் சொன்னாத்தான் கிடங்குக்குக் காப்பி போகும் சார். நாப்பத்தொரு டேபிளும் 'முதலாளி'ங்கற பேர்ல இருக்கு."

"நாப்பத்தொண்ணா?" முதலாளி கடையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க மொத்தமே அஞ்சு டேபிள்தானே? அதுல ஒண்ணுக்குக் கால் ஆடுது."

"அந்த டேபிள் இல்ல சார். கம்ப்யூட்டருக்குள்ள. ஸ்டாக் ஒரு டேபிள், பார்ட்டிங்க லிஸ்ட் ஒரு டேபிள், பில் ஒரு டேபிள்..."

"சரி, என் பேர்ல இருக்கு. கடை என்னுது, என் பேர்லதானே இருக்கும்? அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

சிஸ்டம்மா மூச்சை இழுத்து விட்டாள். அவளுக்கு இது நாலாவது வேலை. முந்தைய மூன்றும் போனது வேலை தெரியாததால் அல்ல, கோபம் வந்ததால். "இதுவாவது நிலைக்குமா?" என்று வீட்டில் கணவன் கேட்டபோது, "நிலைக்கும். நான் வாயைத் திறந்தாத்தானே?" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆறு மாதம் பார்ப்போம் என்றுதான் இங்கே சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆறாவது மாதம் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

குழாயும் வால்வும் நட்டும் போல்ட்டும் மொத்தமாக விற்கிற கடை அது. பில் போடுவது இங்கே. சரக்கை ஏற்றுவது ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில். இங்கே எவ்வளவு விற்றது என்பது அங்கே தெரிய வேண்டுமே? அதற்கு ஒருவர் இருந்தார், பென்டிரைவ் அண்ணன். மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஸ்டாக் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டு, ஸ்கூட்டரில் கொண்டு போவார். போன வாரம் குனிந்து தண்ணீர் குடித்தபோது பென்டிரைவ் வாளிக்குள் விழுந்தது. விற்றுப்போன வால்வுகளை இன்னொரு பார்ட்டிக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். முதலாளி கால்குலேட்டரைச் சுவரில் அடித்தார்.

"இனிமே ஒயர்லயே அனுப்புங்க! இங்க ஒரு பில் போட்டா அந்த நொடியே அங்கயும் தெரியணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள!" என்றார்.

இன்றுதான் வெள்ளிக்கிழமை. கணக்கின் நகலை வாங்கிக்கொள்ளக் கிடங்கில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தாயிற்று, லைன் இழுத்தாயிற்று. கடைசி உத்தரவைத் தட்டியபோது திரையில் ஒரு வரி வந்தது: 'இந்த டேபிளுக்கு நீங்கள் உரிமையாளர் அல்ல.'

"நீங்க ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டா போதும் சார். ஓனர்ஷிப்பைப் பொதுவான ஒரு பேருக்கு மாத்திட்டா..."

மாத்திட்டா என்ற சொல்தான் வினை. முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"எழுதிக் குடுக்கறது இல்ல சார்..."

"ஓனர்ஷிப்பை மாத்தறதுக்குப் பேரு வேற என்ன? முப்பது வருஷமா வியாபாரம் பண்றேன்!"

மின்விசிறிக்கு நேர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வீட்டம்மா தலையை நிமிர்த்தினார். முதலாளியின் மனைவி. தினமும் பத்து மணிக்குப் பிரஷர் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெயில் தாழும்வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்.

"ஏங்க, அந்தப் பாஸ்வேர்டு..."

"நீ சும்மா இரு!"

வீட்டம்மா ஊசியை எடுத்துக்கொண்டார். முதலாளி கொஞ்சம் யோசித்தார். அவருக்குள் இருந்த வியாபாரி எட்டிப் பார்த்தான்.

"சரி, பத்து டேபிள் குடுக்கறேன்."

"சார்?"

"பத்து. மேல கேக்காதீங்க."

"நாப்பத்தொண்ணும் வேணும் சார். ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு."

"பதினஞ்சு. சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், இருபதுல முடிச்சுக்குவோம்."

"ஸ்டாக்கை மட்டும் குடுத்துட்டுப் பார்ட்டி லிஸ்டை நீங்க வச்சுக்கிட்டா, சரக்கை யாருக்கு சார் அனுப்பறது?"

"அப்ப பத்தும் கிடையாது!"

சிஸ்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். குறுக்கு வழி இல்லாமல் இல்லை. மெஷினின் அடி வரைக்கும் போய்ப் பூட்டைக் கழற்றலாம். அந்த அடிக்குப் போகவும் அதே 'முதலாளி'தான் வர வேண்டும். யாரார் உள்ளே வரலாம் என்ற பட்டியலைத் திறந்தாள். ஒன்பது பேர். முதலாளி, ஊழியர்-1 முதல் ஊழியர்-6 வரை, கிடங்குக்கான நகல், பார்வை-1. ஆறாவது ஊழியர் அவள்.

"சார், இந்தப் பார்வை-1 யாரு?"

"யாரோ!" முதலாளி தன் திரையைச் சற்றே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதெல்லாம் எனக்கெதுக்கு? நான் பார்க்கறவன், தட்டறவன் இல்ல."

உண்மைதான். அவருடைய கீபோர்டில் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. காலையில் மெஷினைப் போட்டால் ஸ்டாக் கணக்கு தானாகத் திறக்கும். நாள் முழுக்க மவுஸால் உருட்டி உருட்டிப் பார்ப்பார். முதலாளி என்றால் பார்க்க வேண்டும், தட்டக் கூடாது என்பது அவர் கொள்கை.

பில் அக்கா கவுண்டரிலிருந்தே உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை. பார்வை-1 எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று பார்க்கப் போனால், அதைப் பார்க்கக்கூட சிஸ்டம்மாவுக்கு அனுமதி இல்லை.

"ஆறு மாசம்! ஆறு மாசமா வாடகை வீட்டுல ஆணி அடிக்கக் கேக்கற மாதிரி எல்லாத்துக்கும் கேட்டுட்டு நிக்கறேன்" என்று கீபோர்டிடம் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு விரல் வேகமாக ஓடும். அன்று பறந்தது. ஓனர் அனுமதி தரவில்லையா? தானே ஓனர் ஆகிவிட்டால்? நாற்பத்தொரு டேபிளையும் அச்சு அசலாகத் தன் பெயரில் புதிதாக உருவாக்கினாள். அதிலிருந்து கிடங்குக்கு இணைப்பைக் கொடுத்தாள். ஓடியது!

கிடங்கிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவர் யாருக்கும் சித்தப்பா அல்ல. கிடங்குப் பொறுப்பாளர், அவ்வளவுதான்.

"வந்துருச்சும்மா! எல்லாம் தெரியுது!"

ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த பென்டிரைவ் அண்ணனின் முகம் வாடியது. அரை மணி நேரத்தில் மறுபடி போன்.

"ஏம்மா, பில் போட்டுட்டே இருக்கீங்கன்னு சொன்னீங்க. இங்க நம்பர் அசையவே மாட்டேங்குதே? படம் வரைஞ்சு சுவத்துல மாட்டின மாதிரி இருக்கு."

அசையாதுதான். பில் அக்கா போடுகிற பில்லெல்லாம் முதலாளியின் பழைய டேபிளுக்குப் போகிறது. கிடங்குக்குப் போவது சிஸ்டம்மாவின் புதிய டேபிள். அதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

"நான் வேணா கொண்டு போயிரட்டுமா?" என்றார் பென்டிரைவ் அண்ணன். வாளியில் விழுந்ததைத் துடைத்துக் காயவைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"அண்ணே, அதை உள்ள வைங்க!"

காலையிலிருந்து வந்த பில்களைத் தன் டேபிளுக்குக் கொண்டுவந்து, பில் கவுண்டரையும் கடையின் மற்றத் திரைகளையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். மணி பன்னிரண்டு. கவுண்டரில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"அக்கா!" பில் அக்கா கத்தினாள். "அனுமதி மறுக்கப்பட்டதுன்னு வருது!"

"என்ன வருது?" முதலாளி எழுந்து வந்தார்.

"டேபிளோட ஓனர் அனுமதி தரணுமாம் சார். சிஸ்டம் அக்காதான் ஓனராம்."

அப்போது அவருடைய சொந்தத் திரையிலும் ஸ்டாக் கணக்கு மறைந்து அதே வரி வந்திருந்தது. அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார். முகம் செங்கல்லாகிவிட்டது.

"காலையில எழுதிக் குடுக்கச் சொன்னீங்க, மத்தியானம் நீங்களே எடுத்துக்கிட்டீங்க! என் கடையில எனக்கே அனுமதி இல்லயா?"

'முதலாளி'க்கு எந்தக் கதவும் மூடாதே, அவருக்கு எப்படி மறுக்கும் என்று சிஸ்டம்மாவின் மனதில் ஒரு பொறி தட்டியது. ஆனால் வரிசையில் மூன்றாவதாக நின்றவர், "வீட்ல பைப் உடைஞ்சு தண்ணி ஓடிட்டு இருக்கு, இங்க ஓனர் யாருன்னு சண்டையா?" என்று கத்தியதில் பொறி அணைந்துவிட்டது.

"ஏங்க..." என்றார் வீட்டம்மா.

"சும்மா இருன்னு சொன்னேன்ல?"

சிஸ்டம்மாவுக்குத் தலை கொதித்தது. வாயைத் திறக்கவில்லை. விரலால் திட்டினாள். யாருக்கு அனுமதி வேண்டும்? எல்லோருக்கும்! பார்க்க, எழுத, மாற்ற, அழிக்க. கடையில், கிடங்கில், எவருக்கும் தடை இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள்! படார் என்று தட்டினாள்.

பில் ஓடியது. பைப் உடைந்தவர் போனார். முதலாளியின் திரையும் திரும்பி வந்தது. ஒன்றரை மணி நேரம் கடையில் சத்தமே இல்லை. அந்த அமைதியே அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு மணிக்குச் சித்தப்பாவின் குரல் போனில் குதித்தது.

"ஏம்மா, இப்பல்லாம் தட்டினா மாறுதே!"

"என்ன தட்டினீங்க?"

"இத்தனை நாளா பென்டிரைவ்ல வந்ததைக் கண்ணால பார்த்து வயிறு எரிஞ்சுட்டு இருந்தேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். ரெண்டு இஞ்ச் வால்வு முன்னூத்தி நாப்பதுன்னு இருந்துச்சு, என் கண்ணுக்குப் பன்னெண்டுதான் தெரியுது, பன்னெண்டுன்னு போட்டுட்டேன்."

"மிச்சம் மாடியில இருக்கு சித்தப்பா!"

"மாடிக்கு யாரு ஏர்றது? அப்புறம், இடது மரை நட்டு யாரும் வாங்கறதில்ல, அதை எடுத்துட்டேன். புதுசா ரெண்டு பார்ட்டி பேரும் ஏத்திட்டேன்."

"ஐயோ!"

அதே நேரத்தில் பில் அக்காவும் கடையில் ஒரு புதிய பார்ட்டியை ஏற்றியிருந்தாள். இரண்டுக்கும் ஒரே வரிசை எண். கடையிலிருந்து போனது கிடங்கில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. 'இதே எண்ணில் ஏற்கெனவே ஒரு வரி உள்ளது' என்று சொல்லிவிட்டு இணைப்பு படுத்தது. கடை ஒரு கணக்கு சொன்னது, கிடங்கு ஒரு கணக்கு சொன்னது, மாடியில் இருந்த வால்வுகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"நான் வேணா..." என்றார் பென்டிரைவ் அண்ணன்.

"அண்ணே!"

அடுத்த இரண்டு மணி நேரமும் ஆத்திரத்தோடு பிரித்துப்போடும் வேலை. கொடுத்த அனுமதியைப் பிடுங்கினாள். தன் பெயரில் கட்டியதை இடித்தாள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு போட்ட அறுபத்துமூன்று பில்களையும் பில் அக்கா ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசிக்க, முதலாளியின் பழைய டேபிள்களில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கிடங்கில் சித்தப்பா கைவைத்ததையெல்லாம் துடைத்தாள். அவர் போனில் அழாத குறை.

"ஒரு நாள்தான் விட்டீங்க, அதையும் பிடுங்கிட்டீங்களே!"

மணி நாலேகால். எல்லாம் காலையில் இருந்த நிலைக்கு வந்திருந்தது. முன்னேற்றம் என்று பார்த்தால் ஒரு தலைவலி.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் முன்னால் வைத்தாள். ஒயர் மேசையின் குறுக்கே இழுபட்டு, பேனா ஸ்டாண்டைத் தள்ளிவிட்டது.

"சார், நீங்களே அடிங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்."

"கண்ணாடி வீட்ல இருக்கு."

"தலையில இருக்கு சார்."

முதலாளி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். கீபோர்டைப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் தேஞ்சிருக்கு. எது எதுன்னு தெரியல."

"உங்களோடது புதுசாத்தான் இருக்கு. உறையைப் பிரிச்சு மாட்டித் தரேன்."

"வேணாம், வேணாம்! தப்பா அடிச்சா?"

"மறுபடி அடிக்கலாம்."

"கேமரா இருக்கு. மேல."

"அது வேலை செய்யலன்னு நீங்கதான் சொன்னீங்க."

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். பில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், பென்டிரைவ் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு முழங்கை பைப் வாங்க வந்தவர்கூடப் போகாமல் நின்றார். முதலாளி மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கால் ஆடும் டேபிள் அதுதான். அதிலிருந்த தம்ளர் உருண்டது.

"முடியாதுன்னா முடியாது! யாரை நம்பிக் குடுக்கறது? ஒரு நாள்ல என் கடையை எடுத்தீங்க, ஊருக்கே தொறந்து விட்டீங்க, கிடங்கைக் குட்டிச்சுவரு பண்ணீங்க!"

அவ்வளவுதான். ஆறு மாதம் பூட்டி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"நான் பண்ணேனா? காலையில எட்டெழுத்து அடிச்சிருந்தா பத்தரைக்கு முடிஞ்சிருக்கும்! வேலையை என் தலையில கட்டுவீங்க, சாவியை உங்க இடுப்புல கட்டுவீங்க! கதவைத் தொறக்காம உள்ள வந்து பெருக்குன்னா எப்படி சார் பெருக்கறது? ஜன்னல் வழியாவா? ஜன்னல் வழியாவும் வந்தேன், அதுக்கும் திட்டு! ஒருத்தரை நம்பறதுக்கு எட்டெழுத்து கூட இல்லாதவரு எதுக்கு ஆள் வைக்கறீங்க? அண்ணன் பென்டிரைவே போதுமே!"

"அதான் நானும் சொல்றேன்" என்றார் பென்டிரைவ் அண்ணன்.

"நாளையிலேருந்து வராதீங்க!" என்றார் முதலாளி.

"வரல!"

சிஸ்டம்மா பையை எடுத்தாள். டிபன் டப்பாவை அதில் திணித்தாள். மூடி சேரவில்லை, அதையும் அடித்து மூடினாள். வீட்டுக்குப் போனால், "இதுவுமா?" என்று கணவன் கேட்கப் போகிறான். அதற்கு வேறு ஒரு பதில் தேட வேண்டும். கண் ஓரத்தில் வந்ததைக் கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஏங்க" என்றார் வீட்டம்மா.

"நீ..." என்று தொடங்கிய முதலாளி, இந்த முறை எதனாலோ முடிக்கவில்லை.

வீட்டம்மா பின்னலை ஸ்டூலில் வைத்தார். நூல்கண்டு உருண்டு ஓடியதைக் காலால் நிறுத்தினார். நிதானமாக நடந்து வந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, இரண்டு விரல்களால் எட்டு எழுத்து தட்டினார். தேய்ந்த எழுத்து எதையும் தேடவில்லை.

திரை திறந்துகொண்டது.

கடையே வாய் பிளந்து நின்றது. பில் அக்கா மட்டும், "வீட்டுக்காரர் பாஸ்வேர்டு வீட்ல தெரியாம இருக்குமா?" என்று முணுமுணுத்தாள். முதலாளி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை.

"எத்தனை நேரம் ஆகும்மா?" என்றார் வீட்டம்மா.

"இருபது நிமிஷம்மா."

"பண்ணுங்க."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்து சிஸ்டம்மா வேலையை முடித்தாள். நாற்பத்தொரு டேபிளும் கிடங்குக்குக் கிளம்பின. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, கூட்டத்தோடு கூட்டமாக நின்ற முழங்கை பைப்காரருக்கு இரண்டு வால்வையும் சேர்த்துப் பில் போட்டாள் பில் அக்கா. போனில் சித்தப்பா அலறினார்.

"முன்னூத்தி நாப்பது... முன்னூத்தி முப்பத்தெட்டு! அசையுதும்மா! தானா அசையுது!"

பென்டிரைவ் அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க போகாதீங்க தம்பி. மாடியில இருக்கற வால்வை எண்ண ஆள் வேணும்" என்றார் வீட்டம்மா. பிறகு சிஸ்டம்மாவிடம், "நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துருங்கம்மா. வேலை நிரந்தரம்னு லெட்டர்ல கையெழுத்துப் போட்டு வைக்கறேன்" என்றார்.

முதலாளி வாயைத் திறந்தார். வீட்டம்மா திரும்பிப் பார்த்தார். முதலாளி மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பையை இறக்கி வைத்தாள் சிஸ்டம்மா. கோபம் இன்னும் அடிநாக்கில் கசந்தாலும், வேலையை அரைகுறையாக விட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கடைசியாக உள்ளே வருகிறவர்களின் பட்டியலைத் திறந்து, கணக்குப்பிள்ளையைப்போல் விரல்விட்டு எண்ணினாள்.

"முதலாளி ஒண்ணு. நாப்பத்தொரு டேபிளுக்கும் ஓனர், சரி. ஊழியர் ஆறு, எழுத அனுமதி உண்டு, சரி. நகல் ஒண்ணு, சரி. ஆக மொத்தம் எட்டு. லிஸ்ட்ல ஒன்பது இருக்கே, ஒண்ணு உதைக்குது." திரையில் விரலை வைத்தாள். "இந்தப் பார்வை-1. எழுத முடியாது, மாத்த முடியாது, சும்மா பார்க்க மட்டும் விட்டு வச்சிருக்கு. யாருன்னே தெரியல. ஆள் இல்லாத கணக்கு எதுக்கு? அழிச்சுடட்டுமாம்மா?"

"அழிச்சுடாதீங்கம்மா" என்றார் வீட்டம்மா, நூலைச் சுற்றிக்கொண்டே. "கடை என் பேர்ல இருக்கு, முதலாளின்னு இருக்கறது நான், அந்தப் பார்வை-ஒண்ணு எங்க வீட்டுக்காரரு. ஒன்பதும் சரியாத்தான் இருக்கு."